யார் அழலாம் என்பதும் சாதிதான்

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு நாவலைப் பற்றிப் பேசினேன். எமிலி எம். டான்ஃபோர்த் எழுதி 2012இல் வெளிவந்த ‘தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் கேமரன் போஸ்ட்’. அமெரிக்காவில் பதின்வயதினருக்கான நாவல் என்ற அலமாரியில் வைத்து விற்கப்படுவது. மொன்டானா மாநிலத்தில் மைல்ஸ் சிட்டி என்ற சிறிய ஊர், அங்கே ஒரு பெண்பிள்ளை, அவள் காதலிக்கும் பெண்கள், அவள் இழந்த பெற்றோர். அரை மணி நேரம் பேசி முடித்ததும், நான் மிகவும் மதிக்கிற மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். “இளவரசனும் கோகுல்ராஜும் சங்கரும் செத்த மண்ணுல உக்காந்துகிட்டு, அமெரிக்காவுல ரெண்டு பொண்ணுங்க முத்தம் குடுத்துக்கிட்டதப் பத்தி நாம ஏன் தோழர் பேசணும்? இது மேட்டுக்குடிப் பிரச்சினை இல்லையா?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். தேநீர் வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

தோழருக்கு வருவதற்கு முன் இன்னொருவரையும் கூப்பிட்டுக்கொள்கிறேன். அன்று மாலை, பால்புதுமையினர் உரிமைகளுக்காக வேலை செய்கிற நண்பர் ஒருவர் என்னைத் தேற்றுவதற்காக, “விடுப்பா, காதலுக்கு ஏது சாதி, ஏது நாடு? லவ் இஸ் லவ்” என்றார். தோழர் கேட்டதைவிட இந்த ஆறுதல்தான் எனக்கு அதிக எரிச்சலைத் தந்தது. ஒருவர் இது நமக்கு ஆகாது என்கிறார், மற்றவர் இது எல்லோருக்கும் ஒன்றுதான் என்கிறார். இருவருமே அந்த நாவலில் காதலை மட்டும்தான் பார்த்தார்கள். சாவைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் தொடங்குவதும் சாவில், முடிவதும் சாவின் கரையில்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். 1989 கோடை. கேமரனுக்குப் பன்னிரண்டு வயது. தோழி ஐரீனை முத்தமிட்டிருக்கிறாள். ஊரை விட்டு வெளியே போயிருந்த அவளுடைய அம்மாவும் அப்பாவும் அதே சமயத்தில் குவேக் லேக் என்ற ஏரியில் கார் விழுந்து இறந்துபோகிறார்கள். அந்த ஏரிக்கே ஒரு கதை உண்டு. 1959 ஆகஸ்டில் மொன்டானாவின் ஹெப்கன் ஏரிப் பகுதியில் பெரும் நிலநடுக்கம் வந்தது. மலைச்சரிவு ஆற்றை அடைத்துக்கொண்டது, 28 பேர் இறந்தார்கள், அடைபட்ட தண்ணீர் ஏரியாகிவிட்டது. மூழ்கிப்போன மரங்கள் இன்னும் அந்தத் தண்ணீரில் நிற்கின்றன. நாவலில், சிறுமியாக அந்த நிலநடுக்கத்திலிருந்து தப்பித்தவர் கேமரனின் அம்மா. முப்பது வருடம் கழித்து அதே தண்ணீர் அவரை எடுத்துக்கொள்கிறது.

செய்தி வந்தபோது கேமரனுக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. இனி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் ஐரீனை முத்தமிட்டது தெரியவே தெரியாது என்ற நிம்மதி. அதற்கு அடுத்த கணமே, இப்படி நினைத்த நான் எப்படிப்பட்டவள் என்ற பயம். அதன் பிறகு, முத்தமிட்டதால்தான் அவர்கள் செத்தார்களோ என்ற குற்றவுணர்வு. பெற்ற தாயும் தகப்பனும் செத்தார்கள் என்று கேட்டவுடன் ஒரு குழந்தைக்கு நிம்மதி வருகிறது என்றால், அந்தக் குழந்தையைச் சுற்றி என்ன மாதிரி உலகத்தைக் கட்டி வைத்திருக்கிறோம்? இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ‘காதலுக்கு ஏது சாதி’ என்கிற நண்பர் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு ரூத் சித்தி வீட்டுக்கு வருகிறார், தீவிர சுவிசேஷக் கிறித்தவர். கேமரனுக்கோ அழ இடமில்லை. அப்பா செய்துகொடுத்த பொம்மை வீடு ஒன்று அவளிடம் இருக்கிறது. கடைகளில் திருடிய சின்னச் சின்னப் பொருட்களை அதற்குள் ஒட்டி ஒட்டி வைக்கிறாள். வாடகை வீடியோ கேசட்டாக எடுத்து வந்து பார்க்கிறாள். அவள் துக்கம் காத்த விதம் அவ்வளவுதான்.

சில வருடம் கழித்து கோலி டெய்லர் என்ற பெண்ணிடம் காதல் வருகிறது. விஷயம் வெளியே வந்ததும் கோலி பழியைக் கேமரன் மீது போட்டுவிடுகிறாள். கோலி ஊரிலேயே இருக்கிறாள், கேமரன் ‘காட்ஸ் பிராமிஸ்’ என்ற திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். இருவர் சேர்ந்து செய்ததற்குத் தண்டனை ஒருத்திக்கு மட்டும். பெற்றோர் இல்லாதவள், இவளுக்காகச் சண்டை போட ஆளில்லாதவள் என்று பார்த்துத்தான் தண்டனை இறங்குகிறது. ஓடிப்போன சாதி மீறிய காதலர்களில் யாருடைய உடல் தண்டவாளத்தில் கிடக்கிறது, யார் வீட்டுக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகப்படுகிறார் என்று பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் கொடுக்கிறார்கள். தாளில் ஒரு பனிப்பாறை வரைந்திருக்கிறது. தண்ணீருக்கு மேலே தெரியும் நுனிதான் ‘பாவம்’, அதாவது தன்பாலீர்ப்பு. தண்ணீருக்குக் கீழே மூழ்கிக் கிடக்கும் பெரும்பகுதி அதன் ‘காரணங்கள்’. அந்தக் காரணங்களைப் பிள்ளையே யோசித்து எழுதி நிரப்ப வேண்டும். அப்பாவோடு அதிகமாக விளையாடினாயா, எழுது. ஆண்பிள்ளை மாதிரி உடுத்தினாயா, எழுது. அம்மா அப்பா செத்துப்போனார்களா, அதையும் எழுது.

என்னைப் பொறுத்தவரை நாவலின் மையம் இந்தத் தாள்தான். கேமரனிடம் அவளுடையது என்று மிஞ்சியிருந்தது பெற்றோரின் நினைவு ஒன்றுதான். அதையும் நோயின் காரணப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உன் காதலால் அவர்கள் செத்தார்கள் என்று அவள் மனம் சொல்கிறது. அவர்கள் செத்ததால்தான் உனக்கு இந்தக் காதல் வந்தது என்று பள்ளி சொல்கிறது. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் அந்தப் பெண் எந்தப் பக்கம் திரும்பி அழுவாள்?

இது கற்பனை நிறுவனம், ஆனால் காற்றில் பிடித்ததல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1973இல் நீக்கியது. 1976இல் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறித்தவ அமைப்பு, மருத்துவம் கைவிட்ட வேலையை மதத்தின் பெயரால் கையில் எடுத்தது. 2013இல் அதன் தலைவரே மன்னிப்புக் கேட்டு அமைப்பைக் கலைத்தார். முப்பத்தேழு வருடம். நாவல் நடக்கும் தொண்ணூறுகளின் தொடக்கம் இதற்கு நடுவில் வருகிறது. கதையில் மார்க் என்ற பையன், அவனுடைய அப்பா இன்னும் உனக்குப் பெண்தன்மை போகவில்லை, வீட்டுக்கு வராதே என்று எழுதிய பிறகு, தன்னைத்தானே கொடூரமாகச் சிதைத்துக்கொள்கிறான். அரசு அதிகாரி விசாரிக்க வருகிறார். அடித்தார்களா, பட்டினி போட்டார்களா என்று கேட்கிறார். தன்னைத்தானே வெறுக்கக் கற்றுக்கொடுப்பது கொடுமை ஆகாதா என்று கேமரன் கேட்கிறாள். அதைக் குறிக்க அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. வன்கொடுமைப் புகார் கொடுக்கக் காவல் நிலையம் போய்வந்தவர்களுக்கு அந்தப் படிவம் தெரியும்.

நாவல் மீது எனக்கு வழக்கே இல்லை என்று சொல்லமாட்டேன். என் ஆய்வு நிலவுடைமை பற்றியது, இலக்கியம் என் துறை அல்ல. அதனாலோ என்னவோ, மொன்டானா என்றதும் அந்த நிலம் யாரிடமிருந்து பிடுங்கப்பட்டது என்றுதான் முதலில் யோசித்தேன். கேமரனோடு அந்தப் பள்ளியில் ஆதாம் ரெட் ஈகிள் என்ற லகோட்டா இளைஞன் இருக்கிறான். அவனுடைய மக்களிடம் அவனைப் போன்றவர்களுக்கு வின்க்டே என்று ஒரு பெயரும் இடமும் இருந்திருக்கிறது. அரசியலில் முன்னுக்கு வரக் கிறித்தவத்தைப் பிடித்துக்கொண்ட அப்பா அவனை அங்கே கொண்டுவந்து விடுகிறார். பூர்வகுடிக் குழந்தைகளை அவர்களுடைய மக்களிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, மொழியைத் தடைசெய்து ‘திருத்துவதற்கு’ கார்லைலில் 1879இலேயே பள்ளி திறந்த நாடு அது. அங்கே செத்த பிள்ளைகளின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. ஆகவே காட்ஸ் பிராமிஸ் பள்ளிக்கு ஒரு முன்னோடி உண்டு, அந்த முன்னோடியின் பேரப்பிள்ளைதான் ஆதாம். டான்ஃபோர்த் இதைத் தொட்டுக்காட்டுகிறார், ஆனால் அதற்குள் இறங்கவில்லை. கடைசியில் தப்பித்து ஏரிக்குப் போகும்போது கேமரன் தண்ணீரில் இறங்கித் தன் பெற்றோரிடம் பேசுகிறாள். ஆதாமும் ஜேனும் கரையில் காத்திருக்கிறார்கள். ஆதாமின் மக்கள் இழந்ததற்கு எந்த ஏரியில் இறங்குவது? அதற்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை. இதை எழுதிக் குறித்துக்கொண்டுதான் மேலே படித்தேன்.

அமெரிக்காவில் இந்தப் புத்தகத்துக்கு நடந்தது தனிக்கதை. 2014இல் டெலவேர் மாநிலத்தில் ஒரு பள்ளி வாரியம் கோடைக்கால வாசிப்புப் பட்டியலிலிருந்து இதை எடுத்தது. காரணம், கெட்ட வார்த்தைகளாம். அந்தப் பட்டியலின் மற்ற புத்தகங்களிலும் கெட்ட வார்த்தை உண்டே என்று எதிர்ப்பு எழுந்ததும், பட்டியலையே தூக்கிவிட்டார்கள். 2018இல் டெசிரே அக்கவன் இயக்கிய படம் வந்து சண்டான்ஸ் விழாவில் பெரிய பரிசு வாங்கியது. நல்ல படம்தான். ஆனால் குழந்தைப் பருவத்தையும் ஏரியையும் வெட்டிவிட்டுத் திருத்தப் பள்ளியை மட்டும் வைத்துக்கொண்டது. காதலுக்கும் மத ஒடுக்குமுறைக்கும் அதில் இடம் கிடைத்தது, துக்கத்துக்குக் கிடைக்கவில்லை. என் நண்பரைப் போலவே படமும் படித்திருக்கிறது.

சரி தோழர், இப்போது உங்களுக்கு வருகிறேன்.

மேட்டுக்குடிப் பிரச்சினை என்றீர்கள். இதே சொல்லை 2023இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. தன்பாலினத் திருமண வழக்கில், மனுதாரர்களுடையது நகர்ப்புற மேட்டுக்குடிப் பார்வை என்று எழுத்துமூலமாகவே கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு திருமண உரிமையை மறுத்தது. சாதியைக் காப்பாற்றும் அரசும் சாதியை ஒழிக்க நினைக்கும் நீங்களும் ஒரே சொல்லில் போய் நிற்கிறீர்கள் என்றால், அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டாமா?

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்து நின்ற இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து ஓடிவந்தவர்கள். வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்துக் காவல்துறையை ஏவியிருந்தார்கள். எனக்கே இதைப் பற்றிச் சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து, ஜூன் 7ஆம் தேதி இடைக்கால உத்தரவு கொடுத்தார் நீதிபதி. தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘குணப்படுத்த’ முயல்வதைத் தடைசெய்த உத்தரவு அது. 2025 மே மாதம் இன்னொரு வழக்கு. 25 வயதுப் பெண்ணை வீட்டில் அடைத்து வைத்து, அடித்து, அவளை ‘சரிசெய்ய’ச் சடங்குகளும் செய்திருக்கிறார்கள். அவளைக் குடும்பத்தோடு அனுப்பிவைத்ததே காவல்துறைதான். இணையரோடு போகவிட்ட உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல என்றும் சொன்னது. காட்ஸ் பிராமிஸ் மொன்டானாவில் மட்டும் இல்லை தோழர். இங்கே அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, பூட்டிய அறையும் பூசாரியும் போதும்.

சாதிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நம்முடைய கையில் இருக்கும் கருவியைத்தான் எடுக்கிறேன். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று காட்டுகிறார். அத்தோடு நிற்கவில்லை. ஒரு சாதிக்குள்ளேயே மணம் என்றால் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். கணவன் செத்தால் மனைவி ‘உபரி’. அவள் சாதிக்கு வெளியே போய்விடக் கூடாது, உள்ளே இன்னொருத்தியின் மாப்பிள்ளையை எடுத்துக்கொள்ளவும் கூடாது. எனவே அவளைக் கணவனோடு எரி, இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கைம்பெண்ணாக வை. சதி, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் மூன்றும் இப்படி வந்தவை என்கிறார். இந்தக் கட்டுரையை நாமெல்லாம் காதலுக்காகப் படித்தோம், சாதி மறுப்புத் திருமண மேடைகளில் எடுத்துச் சொன்னோம். நடுவில் இருப்பது ஒரு பெண்ணின் துக்கம் என்பதைக் கவனித்தோமா? செத்தவனுக்காக ஒருத்தி எப்படி அழ வேண்டும், எந்த நிறத்தில் உடுத்த வேண்டும், எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் சாதி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

பெண்ணைக் காதலிக்கும் பெண்ணைப் பற்றி அம்பேத்கர் அதில் எழுதவில்லை. இந்த நீட்சி என்னுடையது. அவள் சாதிக்கு வெளியே மணம் செய்துகொள்ளவில்லை, உள்ளே மணம் செய்துகொள்ளவும் மறுக்கிறாள். அந்தக் கணக்கில் அவளும் உபரிதான். அதனால்தான் அவளுடைய வீட்டார் அவசர அவசரமாகச் சொந்தத்தில் மாப்பிள்ளை தேடுகிறார்கள். 2016இல் சங்கர் கொல்லப்பட்ட பிறகு கௌசல்யா மூலையில் உட்காராமல் பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சிக்கூண்டில் ஏறினாரே, அந்தத் துக்கம் அரசியல் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. 2020இல் அவருடைய தந்தை உயர் நீதிமன்றத்தில் விடுதலையானபோது நாமும்தான் தூங்கவில்லை. அந்தப் புரிதலை இன்னும் நான்கு அடி நீட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நண்பரே, ‘லவ் இஸ் லவ்’ என்ற உங்களுக்கும் ஒன்று. 2015இல் மும்பையில் ஒரு தாய் தன் மகனுக்கு மணமகன் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். இந்தியாவில் முதல்முறை என்று எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். சாதி தடையில்லை, ஆனாலும் ஐயர் என்றால் நல்லது என்று அதில் இருந்தது. வேடிக்கையாகப் போட்டது என்று பிறகு சொன்னார்கள். வேடிக்கையில்கூட எங்கள் பெயர் வரவில்லை பாருங்கள்.

தேநீர் வந்ததால் பதில் சொல்லவில்லை என்று மேலே எழுதினேன். அது பாதி உண்மை.

எட்டு வருடத்துக்கு முன்னால் நான் முதுகலை முடித்த சமயத்தில் ஒருத்தி செத்துப்போனாள். டெங்கு. ஐந்து நாள் காய்ச்சல். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று வந்த செய்தியில்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பஸ் மாறி அவள் ஊருக்குப் போனேன். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் ஓடும் சத்தம் வாசல் வரை கேட்டது. அவளுடைய அத்தை முறையில் யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, “நீ யாரும்மா, எந்த ஊரு?” என்றார். கூடப் படித்தவள் என்றேன். ஊர் பெயரைச் சொன்னேன். “ஊர்ல எந்தப் பக்கம்?” என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. பந்தல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெட்டியைத் திறந்து முகத்தை ஒருமுறை காட்டினார்கள், எனக்கு முன்னால் பதினைந்து இருபது தலைகள். அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

நான் அவளுக்கு யார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த வாசற்படியை நான் தாண்டாமல் போனது எதனால் என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இது சாதிப் பிரச்சினை, அது மேட்டுக்குடிப் பிரச்சினை என்று தோழர் பிரித்தபோது, எந்தக் கையால் பிரிப்பது என்று தெரியாமல்தான் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போகவில்லை. விடுதி அறையில் அவளுடைய நீலத் துப்பட்டா ஒன்று கிடந்தது, அதைத் துவைத்துக் காயப்போட்டேன். கேமரனின் பொம்மை வீட்டைப் படித்தபோது அந்தத் துப்பட்டா ஞாபகம் வந்தது. கடைசி அத்தியாயத்தில் அவள் மெழுகுவர்த்தியோடு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, மூழ்கிப்போன மரங்களுக்கு நடுவே நின்று, யாரும் திருத்தாமல், யாருடைய தாளிலும் எழுதாமல், அம்மாவிடமும் அப்பாவிடமும் தான் யார் என்று சொல்லிவிடுகிறாள். செத்தவர்களிடம் அதைச் சொல்ல அவளுக்கு நானூற்றுச் சொச்சம் பக்கம் ஆகிறது.

தோழர், புத்தகம் என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது, அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். பனிப்பாறைத் தாள் வரும் இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் சொருகி வைத்திருக்கிறேன், முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.